பள்ளி வளாகத்தில் உள்ள ஆபத்துகளைக் கண்டறிந்து சரிசெய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1958 டிசம்பர் 1 அன்று சிகாகோ நகரின் ஒரு பள்ளியில் படிக்கட்டின் அடித்தளத்தில் பற்றிய தீ, மேல்தளத்தில் கதவு எதுவும் இல்லாத அந்தப் படிக்கட்டின் வழியாகவே அந்தத் தளத்தை எட்டியது. 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரிகளும் உயிரிழந்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பள்ளி தீயணைப்புத் துறையின் ஆய்வில் தேறியிருந்தது. பழைய கட்டடம் என்பதால் புதிய விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. பொருந்திய விதிகளை அது மீறவும் இல்லை. பள்ளிப் பாதுகாப்பைச் சான்றிதழ்களின் கோப்பாக மட்டும் கருதுபவர்கள் இந்தச் செய்தியை ஒருமுறையாவது நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு வளாகத்தில் உள்ள பெரும்பாலான ஆபத்துகள் யாருக்கும் தெரியாதவை அல்ல. தொட்டி மூடியின் விளிம்பு உடைந்திருப்பது துப்புரவுப் பணியாளருக்குத் தெரியும். வாயிற்கதவு தண்டவாளத்திலிருந்து நழுவுவது காவலாளிக்குத் தெரியும். எந்தச் சுவிட்சைத் தொட்டால் சுள்ளென்று பிடிக்கும் என்பது மாணவர்களுக்கே தெரியும். தெரிந்தது எழுத்தில் ஏறி, ஒருவர் பொறுப்பில் வந்து, சரிசெய்யப்பட்டு, சரியாயிற்றா என்று மீண்டும் பார்க்கப்படும் வரையிலான தொடர்தான் எங்கோ அறுந்து கிடக்கிறது. அந்தத் தொடரை முழுமையாக்குவதற்காகவே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

படி 1: ஆய்வுக் குழுவை அமைத்தல்

தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், பராமரிப்புப் பொறுப்பாளர் ஆகிய மூவர் மட்டும் சுற்றிவந்தால் அவர்கள் வழக்கமாக நடக்கும் பாதைகளையே பார்த்துத் திரும்புவார்கள். துப்புரவுப் பணியாளர், காவலாளி, சமையல் பொறுப்பாளர், பேருந்து ஓட்டுநர், பெற்றோர் ஒருவர், வெவ்வேறு வகுப்புகளைச் சேர்ந்த மாணவர்கள் சிலர் என்று குழு அமைவது நல்லது. எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து நடக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரிடமும் வளாகத்தின் எளிய வரைபடத்தைக் கொடுத்து, "இங்கே யாருக்காவது அடிபட்டதுண்டா, அடிபடப் பார்த்ததுண்டா?" என்று கேட்டு, அந்த இடங்களை வட்டமிடச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். சிறுவர்கள் வட்டமிடும் இடங்களைப் பெரியவர்கள் பெரும்பாலும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்: கழிப்பறைக்குப் பின்னால் உள்ள சந்து, மாடிப்படியின் கடைசித் திருப்பம், பெரிய மாணவர்கள் பந்து விளையாடும் மூலை.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தையோ பார்வைக் குறைபாடுள்ள குழந்தையோ படிக்கும் பள்ளியில், அக்குழந்தை நாள் முழுவதும் செல்லும் வழியைத் தனியாக ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அவசரக் காலத்தில் அக்குழந்தை எப்படி வெளியேறும் என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும்.

படி 2: எப்போது, எந்த உயரத்திலிருந்து பார்ப்பது

மாணவர்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் செய்யும் ஆய்வு கட்டடத்தைக் காட்டும், ஆபத்தைக் காட்டாது. ஒரே படிக்கட்டு, வகுப்பு நேரத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். மணி அடித்த இரண்டாவது நிமிடத்தில் இரு திசையிலும் ஓடும் கூட்டத்தால் நெரியும். ஆகவே காலை வருகை, இடைவேளை, மாலை கலைதல், நல்ல மழைக்குப் பிந்தைய நேரம், வெளிச்சம் மங்கும் பொழுது ஆகியவற்றில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பள்ளியின் மிகச் சிறிய குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்தும் பார்க்க வேண்டும். மேசையின் கூர்முனை, துருத்திய ஆணி, மூடியில்லாத பிளக் துளை, சன்னல் கொக்கி ஆகியவை நிற்பவர் கண்ணில் படுவதில்லை.

படி 3: இடம் இடமாகப் பார்த்தல்

*நீரும் நிலத்தடித் தொட்டிகளும்.* என் மதிப்பீட்டில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனெனில் இங்கே நேரும் தவறு பெரும்பாலும் திருத்த முடியாதது. கிணறு, கீழ்நிலை நீர்த்தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, ஆழ்துளைக் குழாயின் வாய், கட்டுமானத்துக்காகத் தோண்டி விட்ட குழி ஆகிய எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பயன்பாட்டில் இல்லாதவை மறக்கப்பட்டு, மண்ணும் செடியும் மூடிய தகட்டின் அடியில் கிடக்கலாம். மூடி இருக்கிறதா என்பது மட்டும் கேள்வி அன்று. அது ஒரு பெரியவரின் எடையைத் தாங்குமா, உள்கம்பி துருப்பிடித்திருக்கிறதா, ஒரு சிறுவன் தனியாகத் தூக்கிவிட முடியுமா, பூட்டு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மூடியைச் சோதிப்பதற்காக அதன்மேல் ஏறி நிற்கக் கூடாது. மூடிக்குக் கீழே இரும்பு வலை ஒன்றைப் பொருத்திவைத்தால், மூடி உடைந்தாலும் திறந்து கிடந்தாலும் உயிர் தப்பும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சு வாயுக்களும் ஆக்சிஜன் இன்மையும் சில நொடிகளிலேயே ஒருவரை மயங்கி விழச் செய்யும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அதே முறையில் இறப்பது இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நடப்பதாகும். உரிய இயந்திரமும் பயிற்சியும் உள்ளவர்களைக் கொண்டே அந்தப் பணியைச் செய்விக்க வேண்டும்.

*சுவர், கூரை, படிக்கட்டு.* விரிசல் தெரிந்தவுடன் பதறவும் வேண்டாம், பூசி மறைக்கவும் வேண்டாம். மயிரிழை போன்ற மேற்பூச்சு விரிசலும், செங்கல் வரிசையோடு படிப்படியாகச் சாய்வாக ஏறும் விரிசலும் ஒன்றல்ல. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்தால் அது வளர்கிறதா என்பது தெரிந்துவிடும். வளரும் விரிசல், சாய்ந்த சுவர், காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும் கூரை அல்லது தூண் ஆகியவற்றை ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவு செய்யக் கூடாது; அந்தப் பகுதியை அப்போதே காலி செய்துவிட்டுக் கட்டுமானப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

சுற்றுச்சுவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தன் எடையையும் காற்றையும் தாங்குவதற்காக மட்டுமே கட்டப்பட்ட சுவரின் ஒரு பக்கத்தில் மண்ணோ மணலோ குப்பையோ குவிந்தால், மழையில் அந்த மண் நனைந்து கனத்துச் சுவரைத் தள்ளும். குவியலை அகற்றுவது, நீர் தேங்காமல் வடிய வழி செய்வது, சுவரை ஒட்டி வளரும் மரத்தின் வேரைப் பார்ப்பது, சுவரோரம் மாணவர்கள் உட்காராதபடி இருக்கைகளை இடம் மாற்றுவது ஆகியவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

மாடியின் கைப்பிடிச் சுவர் போதிய உயரத்தில் இருந்தாலும், அதனருகே ஒரு பெஞ்சோ பூந்தொட்டியோ இருந்தால் அந்த உயரம் அங்கே இல்லை என்றே பொருள். கம்பித் தடுப்புகளில் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் சிறு குழந்தையின் உடல் அதன் வழியே நுழையாது. குறுக்குக் கம்பிகள் ஏணிப்படி போல் அமைந்த தடுப்பு, ஏறச் சொல்லி அழைக்கும் தடுப்பாகும். படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறதா, விளிம்பு தேய்ந்து வழுக்குகிறதா, கைப்பிடி இறுதிப் படிவரை தொடர்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

*மின்சாரம்.* பள்ளிகளில் பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கை, எம்.சி.பி. (மின்னோட்டம் மிகும்போது தானே துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தியாயிற்று, இனி மின்னதிர்ச்சி பற்றிய கவலை இல்லை என்பதாகும். எம்.சி.பி.யும் ஃபியூஸும் மிகை மின்னோட்டத்தால் கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கின்றன; மனித உடல் வழியே கசியும் சிறு மின்னோட்டத்தை அவை உணர்வதில்லை. அதற்கென உள்ள கருவி ஆர்.சி.சி.பி. ஆகும். ஆள் பாதுகாப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் வகையைப் பொருத்த வேண்டும். அதன் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானைக் குறிப்பிட்ட இடைவெளியில் அழுத்தி, இணைப்பு உடனே துண்டிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்; துண்டிக்கப்படாவிட்டால் அந்தக் கருவி சுவரில் இருந்தும் பயனில்லை. இந்தக் கருவி இருப்பதால் எர்த் இணைப்பு தேவையில்லை என்று எண்ணுவதும் தவறு.

குடிநீர் குளிரூட்டி, நீரேற்றும் மோட்டார், கணினி அறை, மேடை விளக்குகள் ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். ஈரக்கையும் வெறுங்காலும் உலோக உடலும் ஒன்றுகூடும் இடமாதலால் குடிநீர் குளிரூட்டிக்கு முதலிடம் தரலாம். ஆண்டு விழாவுக்காகத் தற்காலிகமாக இழுத்த கம்பி அடுத்த ஆண்டு விழாவரை அங்கேயே தொங்குவது எல்லாப் பள்ளிகளிலும் காணக்கூடிய காட்சி. சரிசெய்யும் பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். மாணவர்களை மோட்டார் போடவோ விளக்கு மாற்றவோ அனுப்பக் கூடாது.

*விளையாட்டுத் திடல்.* இங்கே காயங்களுக்கு முதற்காரணம் கீழே விழுதல். ஆகவே ஏறுகருவி எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டிலும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, கான்கிரீட், தார், புல்தரை, வெறும் மண் ஆகிய எதையும் விழுபவரைக் காக்கும் தரையாக ஏற்பதில்லை. சுமார் 23 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் இருந்தால் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும்; அதே ஆழத்துக்கு மரச்சீவல் இருந்தால் ஏறத்தாழ 3 மீட்டர் வரை தாங்கும் என்று அது கூறுகிறது. இது மிதிபட்டு இறுகிய பிறகு இருக்க வேண்டிய ஆழமாதலால், நிரப்பும்போது 30 சென்டிமீட்டர் நிரப்ப வேண்டும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் கால்கள் பட்டுப்பட்டுப் பள்ளம் விழும். அந்த இரண்டு இடங்களையும் அடிக்கடி கிளறி நிரப்ப வேண்டும்.

கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் வெளியும், ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அது தொங்கும் உயரத்தைப்போல் இரு மடங்கு வெளியும் தேவை. கம்பிகளுக்கும் படிகளுக்கும் இடையிலுள்ள சந்துகள் 9 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 23 சென்டிமீட்டருக்கு மேலாகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவில் குழந்தையின் உடல் நுழைந்து, தலை சிக்கிக்கொள்ளும். கொக்கிகளின் வாய் 1 மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருந்தால் உடையின் நூலும் நாடாவும் அதில் மாட்டும். கருவியில் யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு கழுத்தை இறுக்கக்கூடும் என்பதால் அதை உடனே அவிழ்க்க வேண்டும். வெயில் நேரத்தில் சறுக்குமரத்தின் பரப்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அன்று அதை மூட வேண்டும்.

இடம்விட்டு இடம் நகர்த்தக்கூடிய கால்பந்து கோல் கம்பத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குறுக்குக் கம்பியில் ஒரு சிறுவன் தொங்கினாலே அது முன்புறமாகக் கவிழும். விளையாடும்போது தரையில் நங்கூரமிட்டும், விளையாட்டு முடிந்தபின் இரண்டு கம்பங்களை முகத்துக்கு முகம் சேர்த்துச் சங்கிலியால் பூட்டியும் வைக்க வேண்டும்.

*வாயிலும் வாகனங்களும்.* பக்கவாட்டில் நகரும் கனத்த இரும்புக் கதவின் தண்டவாள முனையில் தடுப்புக்கட்டை இல்லாவிட்டால், ஒருநாள் வேகமாகத் தள்ளும்போது அது தண்டவாளத்தைவிட்டு வெளியேறித் தள்ளியவர்மேலேயே சாயும். முனைத் தடுப்பு, மேல் வழிகாட்டி உருளை, சக்கரத்தின் தேய்மானம் ஆகியவற்றைப் பராமரிப்பவர் சோதிக்க வேண்டும். கதவில் மாணவர்கள் தொற்றிக்கொண்டு சவாரி செய்வதைக் காவலாளி ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

வாகனம் செல்லும் பாதையையும் நடக்கும் பாதையையும் வேலியிட்டுப் பிரிப்பதே சிறந்தது. இடம் போதாத பள்ளிகள் நேரத்தால் பிரிக்கலாம்: மாணவர்கள் நடந்து வெளியேறும்வரை வளாகத்துக்குள் எந்த வாகனமும், தாளாளரின் கார் உட்பட, நகராது என்று விதி வகுத்து அதைக் கடைப்பிடிக்க வேண்டும். பின்னோக்கிச் செலுத்தும் தேவையே எழாதபடி பேருந்துகள் சுற்றிவரும் வழியை அமைக்க வேண்டும். ஓட்டுநரின் இருக்கையில் ஆசிரியர்களை ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள். முன் சக்கரத்தின் அருகே நிற்கும் சிறு குழந்தை அங்கிருந்து தெரிவதில்லை.

*தீ, வாயு, ஆய்வகம்.* வெளியேறும் வழி பூட்டியிருக்கக் கூடாது, அடைத்திருக்கக் கூடாது, வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து இரண்டாவது வழியைப் பூட்டிவைக்கும் பழக்கத்தைப் பள்ளி நேரத்தில் முற்றிலும் கைவிட வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையல் நெருப்பும் ஓலைக்கூரையும் வகுப்பறையும் அருகருகே இருந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. சமையலறை வகுப்பறைகளிலிருந்து விலகியும், சிலிண்டர்கள் காற்றோட்டமுள்ள வெளிப்புறத்தில் நிமிர்ந்தும் இருக்க வேண்டும். வாயுவின் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. எரிவாயுவில் வாடை சேர்க்கும் சட்டங்கள் பிறந்ததே 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற வாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்த பிறகுதான்.

ஆய்வகத்தில் அமிலங்கள் கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹால், அசிட்டோன் போன்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. பழைய அலமாரியின் மூலையில் உலர்ந்துபோன பிக்ரிக் அமிலக் குப்பி கிடைத்தால் அதைத் திறக்கவோ அசைக்கவோ வேண்டாம். அது வெடிக்கும் தன்மையுள்ளது. அறையைப் பூட்டிவிட்டு உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

*மற்றவை.* புத்தக அலமாரிகளைச் சுவரோடு திருகி இணைக்க வேண்டும். மின்விசிறியின் கொக்கியையும் பூட்டு ஊசியையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். சிறு வகுப்புகளின் கதவுகளில் கீல் பக்கச் சந்தை மறைக்கும் பட்டை பொருத்தினால் விரல் நசுங்காது. மரங்களில் பட்டுப்போன கிளைகளையும், அடிமரத்தில் காளான் முளைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். பின்னது உள்ளே அழுகல் இருப்பதற்கான அறிகுறி. புதர், தேங்கிய நீர், குளவிக்கூடு ஆகியவற்றை அகற்றும்போது மாணவர்கள் வளாகத்தில் இருக்கக் கூடாது.

படி 4: எதை முதலில் சரிசெய்வது

நேரக்கூடிய தீங்கின் அளவுக்கும், நேரும் வாய்ப்புக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்கி வரிசைப்படுத்துவது வழக்கமான முறை. அதில் ஒரு குறை உண்டு. தினமும் யாராவது தடுக்கி விழும் சிறு மேடு, வாய்ப்பில் 5, தீங்கில் 2 என்று 10 மதிப்பெண் பெறும். யாரும் அதிகம் செல்லாத மூலையில் உள்ள உடைந்த தொட்டி மூடி, வாய்ப்பில் 1, தீங்கில் 5 என்று 5 மதிப்பெண்ணோடு பின்னால் போய்விடும். எனவே தீங்கில் 5 பெறும் எதுவானாலும் பெருக்கலைப் பாராமல் அன்றே கையில் எடுக்க வேண்டும் என்ற ஒரு விதியை மேலே சேர்த்துக்கொண்டால் இந்த முறை பயன்படும்.

படி 5: அன்றே தடுத்தல், பிறகு சரிசெய்தல்

நிரந்தரப் பணிக்கு நிதியும் அனுமதியும் வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை குழந்தைகள் வராமல் இருக்கப்போவதில்லை. ஆகவே ஒவ்வோர் ஆபத்துக்கும் இரண்டு விடைகள் எழுத வேண்டும்: இன்று மாலைக்குள் என்ன செய்வோம், முடிவாக என்ன செய்வோம். இன்றைய விடை உண்மையான தடுப்பாக இருக்க வேண்டும். கட்டிய கயிற்றின் அடியில் சிறுவர்கள் நுழைவார்கள். "அருகே செல்லாதீர்" என்ற பலகை, படிக்கத் தெரியாத முதல் வகுப்புக் குழந்தைக்கு வெறும் பலகை.

முடிவான தீர்வைத் தேடும்போது இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். அந்தப் பொருளையே அகற்ற முடியுமா? முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றால் மாற்றலாமா? அதுவும் இயலாவிட்டால் வேலியோ மூடியோ பூட்டோ போடலாமா? இவற்றுக்குப் பிறகே விதிகள், கண்காணிப்பு, எச்சரிக்கை. பள்ளிகள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து, கடைசியில் உள்ள அறிவுரையையே முதலில் கையில் எடுக்கின்றன. நூறு முறை "ஓடாதே" என்று சொல்வதைவிட, வழுக்கும் தரையைச் சொரசொரப்பாக்குவது பலன் தரும்.

சரிசெய்யும் பணியே புதிய ஆபத்தைக் கொண்டுவருவதும் உண்டு. பழைய கட்டடத்தின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் நச்சுத்தூசி பரவும். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைத் துளையிடவோ அறுக்கவோ உடைக்கவோ பயிற்சியற்றவரை விடக் கூடாது. இத்தகைய பணிகளை விடுமுறையில் வைத்துக்கொள்வதும், ஜல்லி, கம்பி, ஏணி ஆகியவற்றை அன்றன்றே பூட்டிய இடத்துக்கு மாற்றுவதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

படி 6: பதிவேடும் முடிவுக் கையெழுத்தும்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, இடம், என்ன ஆபத்து, உடனடியாகச் செய்தது, முடிவாகச் செய்ய வேண்டியது, பொறுப்பாளரின் பெயர், கெடு நாள், முடிந்த நாள், சரிபார்த்தவரின் கையெழுத்து ஆகியவற்றுக்குப் பத்திகள் இருக்கட்டும். "நிர்வாகம்" என்று பொறுப்பாளர் பத்தியில் எழுதினால் யாரும் பொறுப்பில்லை என்றே பொருள். சரிசெய்தவரே சரிபார்த்ததாகக் கையெழுத்திடக் கூடாது. வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே கோணத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து வைத்தால், பின்னாளில் எழும் பல வாதங்கள் எழாமலே போகும்.

மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளும் இதே நோட்டில் ஏற வேண்டும். ஓடு விழுந்தது, யாருக்கும் அடியில்லை என்றால் அது நல்ல செய்தி அன்று. அடுத்த ஓடு எப்போது விழும் என்ற கேள்வி. இவற்றைச் சொல்ல வருபவரை, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று ஒருமுறை அதட்டினால் அதன் பிறகு யாரும் சொல்ல வரமாட்டார்கள்.

படி 7: மீண்டும் பார்த்தல்

வாயில், படிக்கட்டு, வெளியேறும் வழி ஆகியவற்றைத் தினமும் பள்ளி திறக்கும் முன் காவலாளி பார்க்கலாம். விளையாட்டுக் கருவிகளையும் தொட்டி மூடிகளையும் வாரம் ஒருமுறை, முழு வளாகத்தையும் பருவத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். கட்டடம், மின்னமைப்பு, தீயணைப்பான்கள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தகுதியுள்ளவர் வர வேண்டும். புயல், பெருமழை, நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பின் கால அட்டவணையைப் பாராமல் உடனே ஆய்வு செய்ய வேண்டும். நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே முழுச் சுற்று முடிந்திருக்க வேண்டும். முதல் நாள் காலையில் கண்டுபிடித்தால் சரிசெய்ய நேரம் இராது.

தலைமையாசிரியர் மாறும்போது இந்தப் பதிவேடு பீரோவுக்குள் போய்விடுவது வழக்கம். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், முடியாமல் இருக்கும் ஒவ்வொரு பதிவையும் புதியவரும் பழையவரும் அந்தந்த இடத்துக்கே நடந்து சென்று பார்த்து, அதே பக்கத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.